வலை பின்னியது போல ஒரு அரிப்பு: கேள்வி பதில்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அரிப்போடு வருபவர்களிடம் எப்போதாவது தென்படும் புரூரிகோ பிக்மென்டோசா என்ற தோல் நோய் பற்றிய கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்.

பயிற்சி மருத்துவர்: அரிப்பு என்று வருபவர்கள் ஏராளம். எதை வைத்து இதைச் சந்தேகிப்பது?

இடமும் வடிவமும்தான். கழுத்து, மார்பு, முதுகு. பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி. முதலில் சிவந்த சிறு பருக்கள், சிலருக்குக் கொப்புளங்கள். அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வலை பின்னியது போல ஆகும். சட்டையைக் கழற்றச் சொல்லி நல்ல வெளிச்சத்தில் முதுகைப் பாருங்கள். புதுப் பருக்களுக்கு நடுவே பழுப்புக் கோடுகள் ஓடினால், அது முன்பு வந்துபோனதன் தடம். பழசும் புதுசும் ஒரே முதுகில் இருப்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். கறுத்த தோலில் சிவப்பு எடுபடாது. விரலால் தடவியும் பாருங்கள்.

1971-ல் ஜப்பானில் நாகஷிமா இதை விவரித்தார். அதனால் இது அங்கே மட்டும் வருவது என்று நினைத்துவிட வேண்டாம். எந்த நாட்டவருக்கும் வரும், இளம்பெண்களுக்குக் கூடுதலாக.

செவிலியர்: நோயாளியிடம் நாங்கள் என்ன கேட்கலாம்?

"சமீபத்தில் சாப்பாட்டில் எதையாவது நிறுத்தினீர்களா?" என்று கேளுங்கள். அரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் முடிச்சுப் போட நோயாளிக்குத் தோன்றாது, தானாகச் சொல்லவும் மாட்டார். கீட்டோ உணவுமுறை (மாவுச்சத்தை வெகுவாகக் குறைப்பது), நீண்ட பட்டினி, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் என உடலில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) ஏறும் நிலைகளில் இது வரக்கூடும். சிறுநீரில் கீட்டோன் பாருங்கள். இல்லாவிட்டாலும் நோயை ஒதுக்கிவிட முடியாது.

மருத்துவர்: அர்ட்டிகேரியா (திடீர்த் தடிப்பு), ஸ்கேபிஸ் (சொறி சிரங்கு) இவற்றிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

அர்ட்டிகேரியா தடிப்பு ஒவ்வொன்றும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறையும். பேனாவால் சுற்றி வட்டம் போட்டு அனுப்புங்கள், மறுநாள் தெரிந்துவிடும். ஸ்கேபிஸ் விரலிடுக்கு, மணிக்கட்டு என்று போகும்; இரவில் அரிப்பு கூடும், வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார்.

நோயாளி: ஸ்டீராய்டு கிரீம், அலர்ஜி மாத்திரை இரண்டும் கேட்கவில்லையே?

இந்த நோயில் அவை பெரும்பாலும் கேட்காது. நோயறிய அதுவே ஒரு துப்பு. டாக்சிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் தருவோம்; கிருமியைக் கொல்ல அல்ல, அழற்சியை அடக்க. கர்ப்பிணிகளுக்கு இவை வேண்டாம். சிலருக்கு மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தாலே அடங்கிவிடும். அரிப்பு போனாலும் கறை மங்க மாதக்கணக்காகும். அந்தக் கறைக்கு மாத்திரையைத் தொடர வேண்டாம்.

பயிற்சி மருத்துவர்: பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவையா?

சந்தேகம் இருந்தால் மட்டும். புதுப் பருவிலிருந்து எடுங்கள், கறையிலிருந்து எடுத்தால் உருப்படியாக எதுவும் கிடைக்காது.

செவிலியர்: இதில் அவசரம் ஏதாவது உண்டா?

தோலில் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோனோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் அரிப்பை ஓரமாக வைத்துவிட்டு உடனே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) இருக்கிறதா என்று பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே அது வரலாம். குளுக்கோமீட்டர் எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.