நெஞ்சை அடைக்கிறது என்கிறார் என் கொரிய மாமியார்

கேள்வி: என் கணவர் கொரியர். மாமியாருக்கு 76 வயது. 1980-களில் அமெரிக்கா வந்ததிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுனிலேயே இருந்தவர். மாமனார் காலமானதும், ரிவர்சைடில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். குறையில்லாமல்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் தகிக்கிறது என்கிறார். தூக்கம் இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். என்ன செய்வது?

பதில்: இதயத்தை முதலில் பார்த்தது சரி. தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். காது கேட்கும் திறனையும் பாருங்கள். சரியாகக் கேட்காதவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வது உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மனச்சோர்வு என்றே சந்தேகிக்கிறேன். வயதானவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அபூர்வம். உடம்பைத்தான் சொல்வார்கள். நெஞ்சடைப்பு, உள்ளே எரிவது போன்ற சூடு, தொண்டையில் ஏதோ உருள்வது, ஓயாத பெருமூச்சு, இவற்றைக் கொரியர்கள் ‘ஹ்வாப்யோங்’ என்பார்கள். அடக்கி வைத்த கோபமும் துக்கமும்தான் காரணம் என்பது அவர்கள் நம்பிக்கை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டிலும் இது இடம்பெற்றது. அதனால், ‘ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் படும் வேதனை நிஜம்.

நீங்கள் பார்த்துக்கொள்வதில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் கணவரை மட்டும் இழக்கவில்லை, தெருவையே இழந்திருக்கிறார். கொரியாடவுனில் மருந்துக்கடை, வங்கி, சலூன் என எங்கு போனாலும் கொரிய மொழியிலேயே காரியம் நடக்கும். 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் சூறையாடப்பட்டன, எரிந்தன. அந்த நாட்களைக் கடந்தவருக்கு, கூட இருந்து பார்த்தவர்களிடம்தான் அதைப் பேச முடியும். மகனிடமும் மருமகளிடமும் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்தப் பேச்சு வராது. அமெரிக்காவில் வாழும் வயதான கொரியர்களிடம் செய்த ஆய்வுகளிலும், ஆங்கிலம் தெரியாமல் தனித்துப்போனவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகவும், சொந்தச் சமூகத்தோடு ஒட்டி வாழ்பவர்களிடம் குறைவாகவும் தென்படுகிறது.

அவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்றால், பழைய சர்ச்சோடு மறுபடி சேர்த்துவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு போடுவது கொரிய சர்ச்சுகளில் வழக்கம். சமையல்கட்டில் சூப் கொதிக்கும், கிம்ச்சி நறுக்குவார்கள். அங்கே மூத்த பெண்கள் சொல்வதுதான் சட்டம். உங்கள் வீட்டில் அவரை எந்த வேலையும் செய்ய விடுவதில்லை என்று நினைக்கிறேன். அங்கே அவரை நம்பி ஒரு வேலை இருக்கும். அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் சர்ச்சில் நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற பயமும் வரும். அதனால் சிகிச்சை விஷயத்தை அங்கே யாரிடமும் நீங்களாகச் சொல்லாதீர்கள்.

சிகிச்சைக்குக் கொரிய மொழி பேசும் மருத்துவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. உங்கள் கணவர் மொழிபெயர்க்க வேண்டாம். பிஹெச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள் கொரிய மொழியிலேயே இருக்கிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. மகன் வாயால் கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? மாத்திரை தேவைப்பட்டால் பயப்படாதீர்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆரம்பத்தில் ரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், விழுந்து இடுப்பு முறியும் ஆபத்து இருக்கிறது. ஜின்செங் போன்ற மூலிகை எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைத் தள்ளினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நெஞ்சுவலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால், பழைய இசிஜியை நம்பாமல் உடனே அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை யார் காரில் கூட்டிப்போவது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ‘வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்’ என்றுதான் முதலில் சொல்வார். அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.