கோடியக்கரைக்கு எந்த மாதத்தில் செல்வது?

கேள்வி: நெரிசல் இல்லாத மீனவ ஊர் ஒன்றில் தங்கி, காட்டுவழியில் நடக்க விரும்புகிறோம். டிசம்பர் விடுமுறையில் பத்து வயது மகனையும் வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குச் செல்லலாமா? மலையேற்றப் பாதைகள் போல அங்கே ஏதேனும் உண்டா? — கும்பகோணம் வாசகர்

பதில்: கோடியக்கரை உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற ஊர்தான். ஆனால் டிசம்பரைத் தவிர்த்து, பொங்கல் கூட்டம் கலைந்தபின், ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ ஒரு சனி, ஞாயிறில் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தொடர்வதால் காட்டுப்பாதைகளில் நீர் தேங்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பயணமே ரத்தாகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்த வேதாரண்யம் பகுதியில்தான். இக்காட்டின் மரங்கள் அன்று பெருமளவில் சாய்ந்தன. நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தை அமாவாசையன்று ஆதிசேது எனப்படும் இக்கடலில் நீராடவும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யவும் பெருங்கூட்டம் வரும். நீங்கள் தேடும் அமைதி அன்று கிடைக்காது.

பிப்ரவரிக்குள் பறவைகள் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். வலசை வரும் உள்ளான்களும் பூநாரைகளும் அப்போதும் சதுப்பில் மேய்ந்துகொண்டிருக்கும். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம், 2002-ல் தமிழகத்தின் முதல் ராம்சார் ஈரநிலமாகவும் (உலக அளவில் முக்கியமானதாக ஏற்கப்பட்ட ஈரநிலம்) அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் கரையை விட்டுத் தொலைவிலேயே நிற்பதால் வெறுங்கண்ணுக்கு இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரியும் என்பதால், பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கியாவது எடுத்துச் செல்லுங்கள். இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம் என்று சேற்றுப் பரப்பில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். மேலே உப்புப் பூத்துக் காய்ந்த தரைபோலத் தோன்றினாலும், மெல்லிய அந்த ஏடு கால் பட்டதும் உடைந்து, கீழே உள்ள சேறு முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலையேற்றம் இங்கே கிடையாது. இக்காட்டின் மிக உயரமான இடமான ராமர் பாதமே ஏறத்தாழ 4 மீட்டர் மேடுதான். இங்குள்ளது சமதளத்தில் மணலிலும் புல்வெளியிலும் செல்லும் நடை. பாலை, காரை, சங்கஞ்செடி முதலியவை அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடு அது. முட்செடிகள் மிகுதி என்பதால் செருப்பைத் தவிர்த்து, மூடிய காலணியும் முழுக்கால் உடையும் அணிவது நல்லது. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் செல்லுங்கள். வழிகாட்டி கிடைத்தால் கட்டாயம் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புல்வெளியில் இன்று வெளிமான்கள் மேய்கின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிமானைக் காண ஏற்றவை அதிகாலையும், வெயில் தாழ்ந்த பிற்பகலும். முதிர்ந்த ஆண் வெளிமானின் முதுகு கருமை, வயிறு வெண்மை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கொம்புகள் திருகித் திருகி மேலெழும். புல்வெளியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டு, இது தன் எல்லை என்று அறிவித்துக்கொண்டு அது காவல் நிற்கும். பெண்மான்களும் குட்டிகளும் வெளிர்பழுப்பு நிறத்தவை. அசையாமல் நின்றால் நெடுநேரம் பார்க்கலாம்; ஓரடி முன்வைத்தால் கூட்டமே துள்ளி ஓடிவிடும். காட்டில் திரியும் மட்டக்குதிரைகளுக்கும் குரங்குகளுக்கும் தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கிய குரங்குகளால் அடுத்து வருபவர்கள்தான் துன்பப்படுகிறார்கள்.

ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பருவகாலத்தில் பிற கடலோர ஊர்களின் மீனவர்களும் இங்கே குடிசையிட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். காலையில் ஃபைபர் படகுகள் கரை சேர்ந்ததும், வலையிலிருந்து மீனைக் கழற்றுவதும், கூடையாய்க் குவித்து ஏலம் விடுவதும் மகன் அவசியம் பார்க்க வேண்டியவை. எனினும் அது அவர்கள் வயிற்றுப்பாடு நடக்கும் இடம். ஏலத்தின் நடுவே புகுந்து படம் எடுக்காமல், ஓரமாக நின்று, கேட்டுவிட்டு எடுங்கள். படகில் ஒரு சுற்று அழைத்துப் போகும்படி வற்புறுத்தாதீர்கள்; மீன்பிடிப் படகுகள் உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்கானவை அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போட்டால் கடற்கரையின் இந்தச் சுறுசுறுப்பு குறைந்திருக்கும்.

திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வந்தால், அங்கிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இடையில் அகஸ்தியம்பள்ளியில், 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய இடத்தைக் காட்டிவிட்டு, உப்பளப் பாத்திகளையும் மகனுக்குக் காட்டுங்கள். அடுத்து வரும் கோடியக்காட்டில், சுந்தரர் பதிகம் பெற்ற குழகர் கோயில் இருக்கிறது. வெயில் ஏறிய நேரத்தில் தாயார் அங்கே இளைப்பாறலாம். நீங்களும் மகனும் அதிகாலை நடையை முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

தங்குவதற்கு வனத்துறை விடுதியைக் கேட்டுப் பாருங்கள். அறைகள் குறைவு என்பதால், நாகப்பட்டினத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்பே பதிவுசெய்வது நல்லது. இடம் கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கி, விடியுமுன் கிளம்பிவிடுங்கள். குடிநீரையும் தாயாரின் மருந்துகளையும் வேதாரண்யத்திலேயே வாங்கிவிட வேண்டும்.