ஓய்வுபெற்ற சிப்பாயின் துப்பாக்கி – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு டெக்சாஸ், சான் அன்டோனியோவில் இருக்கிறேன். ராணுவ முகாம்கள் சூழ்ந்த ஊர். எங்கள் தெருவிலேயே பலர் ஒருகாலத்தில் சீருடை போட்டவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஈராக் போருக்குப் போய்வந்தவர், அருமையான மனிதர். அவரிடம் ராணுவ ரைஃபிளின் சாயலில் பொதுமக்களுக்கு விற்கப்படும் ஏஆர்-15 ரைஃபிள்கள் இரண்டு இருக்கின்றன. "இதற்குத் தடைச் சட்டம் போடத் துடிப்பவர்களில் பாதிப்பேர் இதைக் கையில் தொட்டதே இல்லை" என்பார். ஆனால் ஓய்வுபெற்ற ஜெனரல்களே இதைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்கிறார்கள். இரு தரப்பும் போரைப் பார்த்தவர்கள்தான். யார் பேச்சைக் கேட்பது? என் மகன் அந்த வீட்டுப் பையனோடுதான் எந்நேரமும் விளையாடுகிறான். அனுப்பலாமா என்ற குழப்பமும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

இரு தரப்பையும் கேளுங்கள். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்று ஒரு கணக்கு வேண்டும்.

ஒரு தோட்டா உடம்பை என்ன செய்யும் என்பதைப் போர் பார்த்தவர் சொன்னால் நாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். ஆப்கானிஸ்தானில் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட சில வாரங்களில், இந்த வகைத் துப்பாக்கி பள்ளிக்கூடங்களின் பக்கமே வரக்கூடாது என்றார். பிரையன் மாஸ்ட் ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து இரண்டு கால்களையும் இழந்தவர். ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி எம்.பி. 2018இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் செத்தபோது, தன் கட்சியையே எதிர்த்து இந்த வகைத் துப்பாக்கிக்குத் தடை கேட்டு எழுதினார். மெய்ன் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன ஜாரெட் கோல்டன் முன்னாள் மரைன் படைவீரர். 2023 அக்டோபரில் அவருடைய ஊரான லூயிஸ்டனில் 18 பேரைச் சுட்டுக் கொன்றவன் ராணுவ ரிசர்வ் படைக்காரன். அதுவரை தடையை எதிர்த்துவந்த கோல்டன் மறுநாளே மன்னிப்புக் கேட்டு நிலையை மாற்றிக்கொண்டார்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதிலும் பொய் இல்லை. கடையில் வாங்கும் ஏஆர்-15இல் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாதான். ராணுவத்தின் எம்4 ரைஃபிள் தொடர்ச்சியாகவும் சுடும். ஆனால் சிப்பாய்கள் போர்க்களத்தில் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் சுடுகிறார்கள், அப்படித்தான் பயிற்சியும். ஆகவே அந்த வேறுபாட்டை வைத்து நெடுந்தூரம் வாதாட முடியாது. அவர் தரப்புக்கு அதைவிட வலுவான சான்று 1946இல் டென்னஸி மாநிலத்து ஏதென்ஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. உலகப்போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் உள்ளூர் ஷெரிஃப் கும்பலின் தேர்தல் மோசடியை எதிர்த்து நின்றார்கள். வாக்குப்பெட்டிகளைக் கும்பல் சிறைக்குள் தூக்கிச் சென்றதும், இவர்கள் ஆயுதக் கிடங்கிலிருந்து ரைஃபிள்களை எடுத்துவந்து இரவெல்லாம் சிறையை முற்றுகையிட்டார்கள். விடிவதற்குள் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். இவர்களுடைய வேட்பாளரே ஷெரிஃப் ஆனார். மக்கள் கையில் ஆயுதம் ஏன் இருக்க வேண்டும் என்று ஒரு அமெரிக்கச் சிப்பாய் பேசும்போது மனதில் ஓடுவது இதுபோன்ற வரலாறுதான். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் தள்ளமாட்டேன்.

என் சாய்வு மாஸ்டின் பக்கம். இந்த வகைத் துப்பாக்கிகளுக்கு நாடு முழுக்க 1994இல் வந்து 2004இல் காலாவதியான தடையைப் போன்ற ஒன்று திரும்ப வரவேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் யார் எதை வைத்திருக்கலாம் என்பதில் ஜெனரலுக்கும் ஒரு ஓட்டு, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டுதான். போரில் இருந்ததால் அந்த ஓட்டின் எடை கூடிவிடாது.

அவர்களுக்கு மட்டும் தெரிந்தது வேறொன்று: துப்பாக்கியை எப்படி வைப்பது. முகாமில் தங்கும் சிப்பாயின் ரைஃபிள் அவன் கட்டிலுக்கடியில் கிடக்காது. ஆயுத அறையில், வரிசை எண்ணோடு, பூட்டிய சட்டத்தில் நிற்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டும். சுடுதளத்தைவிட்டு வெளியேறும்போது துப்பாக்கி காலி என்று காட்டி, "வெற்று உறையும் இல்லை, தோட்டாவும் இல்லை" என்று சார்ஜென்டிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு ரைஃபிள் கணக்கில் குறைந்தால் அது கிடைக்கும்வரை மொத்தப் படைப்பிரிவும் தேடும். சொந்தக் காசில் வாங்கிய துப்பாக்கியும் அந்த ஆயுத அறைக்கே போகவேண்டும். உலகத்திலேயே நன்றாகச் சுடத் தெரிந்த ஆட்களை ராணுவம் இப்படித்தான் நடத்துகிறது. வேலையை விட்டு வந்த மறுநாள் இதெல்லாம் நின்றுவிடுகிறது. கேட்க ஆளில்லை.

அதன் விலையை அவர்களே கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினர் அமெரிக்காவில் தற்கொலை செய்துகொள்கிறார்கள். பத்தில் ஏழு பேர் துப்பாக்கியால். பெரும்பாலும் கைத்துப்பாக்கி. ஏஆர்-15ஐத் தடைசெய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த எண்ணிக்கை பெரிதாக அசையாது. ரைஃபிளைப் பற்றிய கூச்சலில் இத்தனை சாவும் காதில் விழாமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உதவி கேட்டால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் அவர்களிடம் உண்டு. அது வெறும் வதந்தியும் அல்ல. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறையினர், தாங்கள் தரும் உதவித்தொகையை ஒருவர் தானே நிர்வகிக்க முடியாதவர் என்று முடிவுசெய்தாலே, நீதிபதி யாரும் விசாரிக்காமல், அந்தப் பெயரை எஃப்.பி.ஐ.யின் துப்பாக்கித் தடைப் பட்டியலுக்கு அனுப்பிவந்தார்கள். 2024இல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நிறுத்தியது. நிறுத்தியது சரி. வரவுசெலவு பார்க்கத் தெரியாததும் ஆபத்தானவனாக இருப்பதும் ஒன்றல்ல. உண்மையில் அனுப்பியிருக்க வேண்டிய பெயரோ போகவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 2017இல் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவன், மனைவியையும் குழந்தையையும் அடித்து விமானப்படையில் தண்டனை பெற்றவன். விமானப்படை அதை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்கவில்லை. அவன் கடையில் பின்னணிச் சோதனையைத் தாண்டி ரைஃபிள் வாங்கினான். அவனை எதிர்த்துச் சுட்டு விரட்டியவர், அருகில் குடியிருந்த ஏஆர்-15 சொந்தக்காரர். உங்கள் நண்பர் இதைக் கட்டாயம் சொல்வார், சொல்லட்டும்.

மகனை அனுப்புங்கள். அதற்கு முன் அவரிடம் நேராகக் கேளுங்கள்: துப்பாக்கிகள் எல்லாம் பூட்டில் இருக்கின்றனவா, தோட்டா தனியாக இருக்கிறதா, சாவி யாரிடம்? அவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். ராணுவத்தில் இருந்தவரை தினமும் பதில் சொன்ன கேள்விகள்தான் இவை. பூட்டு இல்லையென்றால், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறை இலவசமாகவே தருகிறது. பழகப் பழக இன்னொன்றையும் கேட்க முடியும்: மனசு சரியில்லாத வாரங்களில் சாவியை யாரிடம் கொடுத்து வைப்பீர்கள் என்று. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே இருக்கும் ஆட்கள் பேசுவார்கள். அந்த எண்ணை நீங்களும் ஃபோனில் வைத்திருங்கள்.

அன்புடன்