ஓட்டக்காரர் முதலிலா, கடைசியிலா?

கேள்வி: நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் பழகிவிட்டேன். தோற்றுக்கொண்டே இருக்கும் அணி புது ஆட்களைச் சேர்த்து எழுந்து நிற்கப் பார்க்கும்போது, பெரிய ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்) ஒருவரை எடுப்பது நல்லதா, கெடுதலா? மருமகனும் பேரனும் இதற்காக மல்லுக்கு நிற்கிறார்கள்.
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பெரும்பாலும் கெடுதல்தான். அணிக்கு மட்டுமல்ல, அந்தப் பையனுக்கும்.

உங்கள் பக்கத்து அணியையே பாருங்கள். 2017-ல் 16 ஆட்டங்களில் 3 மட்டும் ஜெயித்த நியூயார்க் ஜயன்ட்ஸ், 2018 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், இரண்டாவது ஆளாக ரன்னிங் பேக் சேக்குவான் பார்க்லியை எடுத்தது. முதல் வருடமே ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,028 கெஜம் சேர்த்தார், புதுமுக விருதும் வாங்கினார், ஆனால் அணி ஜெயித்தது 5 ஆட்டம்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு அப்போதே 37 வயது, அடுத்த ஆளைத் தேட வேண்டிய நேரம். அதே டிராஃப்டில் 7-வதாகப் போன ஜாஷ் ஆலனும் 32-வதாகப் போன லாமார் ஜாக்சனும் குவார்ட்டர்பேக்குகள், இருவருமே பிற்பாடு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார்கள். எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் ஐந்து பேரைக் கவனியுங்கள். அவர்கள் எதிராளிகளைத் தள்ளி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாக்கினால்தான் ரன்னிங் பேக்குக்கு வேலையே. அந்த இடைவெளி கிடைக்கவில்லை என்றால், பந்து கைக்கு வந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் 130 கிலோ மனிதர் ஒருவர் வந்து இடுப்பில் மோதுவார், சீசனுக்கு இருநூறு முந்நூறு தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரின் கால் இதை எத்தனை வருடம் தாங்கும் சொல்லுங்கள். அணி தயாராக நாலைந்து வருடம் பிடிக்கும், ரன்னிங் பேக்கின் நல்ல காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பார்க்லிக்கு 2020-ல் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஜயன்ட்ஸில் இருந்த 6 சீசனில் ஒரே ஒருமுறைதான் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் சுற்று) பார்த்தார். 2024-ல் பலமான லைன் வைத்திருந்த ஃபிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார்: 2,005 கெஜம் ஓட்டம், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கோப்பை. அதே கால்கள்தான்!

கேள்வி: சரி, ஏற்கெனவே கையில் இருக்கும் நட்சத்திரத்தை என்ன செய்வது?
– வாசகர், டாலஸ்

பதில்: நல்ல விலை வந்தால் அனுப்பிவிடலாம். உங்கள் ஊர்க் கதைதானே இது! 1989 அக்டோபரில் டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன், நட்சத்திர ரன்னிங் பேக் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஐந்து ஆட்டக்காரர்களையும் ஏகப்பட்ட டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார். அந்த சீசனில் கவ்பாய்ஸ் ஜெயித்தது ஒரே ஆட்டம், ஊரே திட்டியது. அப்படிக் கிடைத்த வாய்ப்புகளில் ஒன்றை வைத்துத்தான் 1990-ல் எம்மிட் ஸ்மித் வந்தார்.

அவரும் ரன்னிங் பேக்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் அவர் வரும்போது குவார்ட்டர்பேக் ட்ராய் எய்க்மனும் பந்து பிடிக்க மைக்கேல் இர்வினும் ஏற்கெனவே இருந்தார்கள், லைனும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் 1992, 1993, 1995 சீசன்களில் மூன்று சூப்பர் பவுல்.

கேள்வி: இந்தக் காலத்தில் யாராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: டெட்ராய்ட் லயன்ஸ். 2016-ல் டெய்லர் டெக்கர், 2018-ல் ஃப்ராங்க் ராக்னோ, 2021-ல் பெனே சூவல் என்று முதல் சுற்றிலேயே லைனுக்கு ஆள் சேர்த்தார்கள். 2021-ல் 3 ஆட்டம்தான் ஜெயித்தார்கள், இருந்தும் அவசரப்படவில்லை. 2023-ல்தான் 12-வது ஆளாக ஜமீர் கிப்ஸை எடுத்தார்கள். ரன்னிங் பேக்குக்கு இவ்வளவு உயர்ந்த இடமா என்று பலரும் கேட்டார்கள். அந்த சீசனில் 12 வெற்றி, சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் வரை போனார்கள்.