பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குக் காலை வெயில் போதாதா, நீல லைட்டில் வைத்தே ஆக வேண்டுமா?

இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பெரியவர், "எதுக்கு லைட்டு, காலை வெயில்ல காட்டினா இறங்கிடும்" என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அது என் மாமியார்.

மகள் பிறந்த இரண்டாம் நாள் இரவே முகம் மஞ்சளாகத்தான் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், பிலிருபின் (சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 17.8 மில்லிகிராம். என் ரத்தம் ஓ, அவளுக்கு பி. இப்படி அமைந்தால் சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்து மஞ்சள் ஏறும் என்றார் டாக்டர். மாமியாரோ ஏழாம் மாதத்தில் நான் ஆசைப்பட்டுத் தின்ற மாம்பழத்தின் மேல் பழியைப் போட்டார். மாம்பழத்துக்கும் மஞ்சளுக்கும் நிறப் பொருத்தம் தவிர வேறென்ன இருக்கிறது?

கண்ணைக் கட்டி, வெறும் டயப்பரோடு நீல வெளிச்சத்தில் கிடத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க, சிசேரியன் தையலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். அந்த வயிற்று வலி இன்னும் நினைவிருக்கிறது. மலம் பச்சையாக இளகிப் போனதும் பதறிவிட்டேன். "அதுதாம்மா மஞ்சள் வெளிய போகுது" என்றார் நர்ஸ். நீல ஒளி தோலில் தேங்கிய பிலிருபினின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. கல்லீரல் பக்குவப்படும்வரை காத்திருக்காமல் அது பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். மறுநாள் 14.1, அதற்கடுத்த நாள் 11.

மாமியாரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 1950களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப் போவாராம். ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததை டாக்டர்களிடம் காட்டினார். இந்த லைட் வைத்தியமே அங்கிருந்துதான் கிளம்பியது. 1958இல் கட்டுரையாகவும் வந்தது. ஆனால் வெயிலை யார் அளந்து கொடுப்பது? பிள்ளையை வெற்றுடம்பாக வெயிலில் போட்டால் தோல் சுடும், காலைக் குளிரில் உடம்பு சில்லிட்டுப் போகும். மஞ்சள் எல்லை மீறினால் மூளையைத் தாக்கும், காது கேட்காமல்கூடப் போகலாம்.

"நாங்க எட்டுப் பிள்ளை பெத்தோம், எந்த லைட்டு வெச்சோம்?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் லைட் வேண்டும் என்றும் சொல்லவில்லை. நிறையக் குழந்தைகளுக்கு லேசான மஞ்சள் பால் குடிக்கக் குடிக்கத் தானே இறங்கிவிடும்.

   

சரி, உங்கள் குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதவில்லையே? முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்திருந்தால், அல்லது பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், வெயில் பேச்சையே எடுக்காதீர்கள். இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.