மடியில் குழந்தை, மலையில் இறக்கம்

கேள்வி: குமுளியைத் தாண்டி சக்குபள்ளத்தில் எங்களுக்குச் சின்ன ஏலத் தோட்டம், வீடு கம்பத்தில். வாரம் இரண்டு தடவை குடும்பத்தோடு காரில் போய் வருகிறோம். ஒன்றேகால் வயதுக் குழந்தையை மனைவி முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வார். அம்மா பின்னால். அதற்கும் பின்னால் ஒன்றிரண்டு மூட்டை காய். மலைப்பாதையில் நான் 40-ஐத் தாண்டுவதே இல்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா? இறக்கத்தில் மோதினால் அடி கூடுதலாக இருக்குமா?
- ஒரு வாசகர், கம்பம்

பதில்: போதாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வாரமே நீங்கள் மறுபடி மலை ஏறுவீர்கள்.

40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கார் அப்படிப் போகும்போது உள்ளே இருக்கும் மனைவி, குழந்தை, மூட்டை, டேஷ்போர்டில் கிடக்கும் செல்போன் எல்லாம் தனித்தனியாக அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கார் பாறையில் மோதினால் பாறை நிறுத்துவது காரை மட்டும். உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள், ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும் வரை. அது பெல்ட்டாக இருக்கலாம், டேஷ்போர்டாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நிலைமம் என்று படித்தோமே, அது இதுதான்.

கணக்கைப் பாருங்கள். முன்பகுதி நசுங்கி, அரை மீட்டருக்குள் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் 10 கிலோ குழந்தையை நிறுத்த, கைகள் சுமார் 125 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். பயில்வானாலும் முடியாது. மனைவி பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடம்பே குழந்தையை டேஷ்போர்டோடு வைத்து நசுக்கும். இரண்டு பேரையும் ஒரே பெல்ட்டுக்குள் மாட்டினாலும் இதேதான் நடக்கும், சிலர் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள்.

அம்மா 55 கிலோ என்றால், பெல்ட் இல்லாத நிலையில் முன் சீட்டின் முதுகில் 700 கிலோ பாரமாவது வந்து விழும். அதற்கு முன்னால்தான் மனைவியும் குழந்தையும். கட்டாத மூட்டையோ அம்மாவின் முதுகுக்கு வரும். 40-ல் வருகிற மூட்டை அடிப்பதும், ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, அதாவது 6 மீட்டருக்குச் சற்று மேலிருந்து, விழுகிற மூட்டை அடிப்பதும் ஒன்றுதான்.

அப்புறம் இறக்கம். மோதுகிற அந்தக் கணத்தில் சரிவு பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையில் சரிவு உங்களை இழுப்பது உங்கள் எடையில் 8 சதவீதம்தான். மோதலோ எடையைப் போல 12 மடங்கு விசையைக் கொண்டுவருகிறது.

ஈர்ப்பு விசை தன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடும். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களை ஒவ்வொரு தடவையும் பார்த்திருப்பீர்கள். பெரியாற்றுத் தண்ணீருக்கு டர்பைனைச் சுற்றும் பலத்தைக் கொடுப்பது அந்த உயரம்தான். உங்கள் காருக்கும் அதே உயரம் வேகம் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், நின்ற இடத்திலிருந்து 125 மீட்டர் உருண்டாலே வேகம் 45-ஐ நெருங்கிவிடும். பிரேக்கை மட்டும் நம்பி அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஜீப் டிரைவர்கள் சொல்வது அசல் இயற்பியல். மழையில் இன்னொன்றும் உண்டு: நனைந்த சமதளத்தில் பிரேக் பிடித்த பிறகு 16 மீட்டரில் நிற்கும் கார், இந்தச் சரிவில் நிற்க 20 மீட்டர் எடுக்கும். ஐயப்ப சீசனில் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறபோது அந்த 4 மீட்டர் பெரிய தூரம்.

பஸ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் தலா 40-ல் நேருக்கு நேர் மோதினால், ஒவ்வொன்றுக்கும் அது 40-ல் சுவரில் மோதியதற்குச் சமம், 80 அல்ல. எதிரே வருவது 12 டன் பஸ் என்றால் கதை வேறு. ஒன்றரை டன் காரைப் பஸ் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும். காருக்குள் இருப்பவர்களுக்கு அது 70-ல் சுவரில் மோதியது போல.

சரி, என்ன செய்வது? குழந்தைகளுக்கான சீட் ஒன்று வாங்கிப் பின்சீட்டில் பொருத்துங்கள். 1959-ல் வால்வோவின் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட், பெரியவர்களின் இடுப்பெலும்பையும் நெஞ்செலும்பையும் பிடித்து நிறுத்துவது. குழந்தைக்கு அது கழுத்திலும் வயிற்றிலும்தான் படும். இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. அதனால் சீட் அனுமதிக்கும் எடை வரைக்கும் குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காருவதே நல்லது. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் மட்டும் அப்படி வைத்துவிடாதீர்கள், விரியும் பை சீட்டையே அடிக்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 2019 சட்டத் திருத்தப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அம்மாவுக்குப் பெல்ட் வயிற்றுக்கு மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படியட்டும். மூட்டையைத் தரையோடு, சீட்டின் முதுகை ஒட்டி வைத்துக் கயிற்றால் கட்டுங்கள்.

முதல் சில நாள் பிள்ளை அழும். மலையில் பழக்க வேண்டாம். கம்பத்திலிருந்து கூடலூர் வரை சமதளம்தான், மாலையில் நாலைந்து தடவை அந்தப் பக்கம் போய் வாருங்கள், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.