நின்றுபோன பஸ்ஸுக்கு யாரைக் கேட்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், உம்சிந்தோவிலிருந்து உள்ளே, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி வசிக்கிறோம். காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வந்துகொண்டிருந்த பஸ் 7 வாரங்களாக வருவதில்லை. அறிவிப்பு எதுவும் இல்லை. என் அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் ஸ்காட்பர்க் மருத்துவமனைக்குப் போகவேண்டும். நகராட்சியில் கேட்டால் ‘அது மாகாணத்தின் வேலை’ என்கிறார்கள். மாகாண அலுவலகத்தில் ‘பஸ்காரரைக் கேளுங்கள்’ என்கிறார்கள். டாக்சிகள் வரிசையாக நிற்கும் ரேங்கில் ஒருவர் 2,500 ராண்ட் கொடுத்தால் அலுவலகத்தில் எங்கள் ஃபைலை நகர்த்துவதாகச் சொல்கிறார். அது வேண்டாமென்றால் என் தம்பியின் வேனுக்குப் பெர்மிட் வாங்கித் தருகிறாராம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த 2,500 ராண்டைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்களை அலையவிட்ட இரண்டு அலுவலகங்களும் சொன்னது பாதி உண்மை. நமது அரசியல் சட்டம் பொதுப் போக்குவரத்தைத் தேசிய அரசுக்கும் மாகாணத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. நகராட்சி எல்லைக்குள் ஓடும் போக்குவரத்தை நகராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் தேசிய நிலப் போக்குவரத்துச் சட்டம் மூவருக்கும் வேலையைப் பிரித்து எழுதியிருக்கிறது. ஆனால் மூன்று பேர் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்று நடந்துகொள்ள நம் அதிகாரிகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே ‘யார் பொறுப்பு’ என்று வாயால் கேட்டுக்கொண்டு மேசை மேசையாக நிற்காதீர்கள். பஸ் நின்றதற்கு எங்கோ ஒரு தாள் இருக்கவேண்டும். அந்தத் தாளை எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு வழி, 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். ஆங்கிலச் சுருக்கத்தில் ‘பயா’ என்று சொன்னால் எந்த அலுவலகத்திலும் புரியும். படிவம் 2 என்று ஒன்று இருக்கிறது. அதை நிரப்பி மாகாணப் போக்குவரத்துத் துறையின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 100 ராண்ட். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். ஒரே ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். உங்களை அலையவிடுபவர்களுக்குப் பிடிக்காத இரண்டு விதிகள் இதில் இருக்கின்றன. நீங்கள் கேட்ட ஆவணம் தங்களிடம் இல்லாமல் வேறொரு அரசு அலுவலகத்தில் இருந்தால், அவர்களே 14 நாளுக்குள் உங்கள் விண்ணப்பத்தை அங்கே அனுப்பவேண்டும்; ‘அங்கே போங்கள்’ என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அப்படி ஒரு ஆவணமே இல்லை, அல்லது தேடியும் கிடைக்கவில்லை என்றால், எங்கெங்கே எப்படித் தேடினார்கள் என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பொய்யாகப் பிரமாணம் எழுத எவரும் யோசிப்பார்கள்.

விண்ணப்பத்தில் ‘எங்கள் பஸ் ஏன் நின்றது’ என்று எழுதாதீர்கள். அது கேள்வி, சட்டம் தருவது ஆவணம். இப்படி எழுதுங்கள்: “இந்த ஊரிலிருந்து உம்சிந்தோ வரை ஓடிய பஸ் சேவை தொடர்பான ஒப்பந்தம் அல்லது இயக்க உரிமத்தின் நகல், அதை நிறுத்தவோ மாற்றவோ செய்த முடிவும் அது தொடர்பான கடிதங்களும், கடந்த 6 மாதங்களில் இந்தத் தடத்துக்காகத் துறை செலுத்திய மானியத்தின் சான்றுகள்.” தடத்தின் இரு முனைகளையும், பஸ் வந்த நேரங்களையும், கடைசியாக வந்த நாளையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவதாகக் கேட்டதுதான் முக்கியம். மானியம் பெறும் பஸ்களுக்கான பணம் தேசிய அரசிடமிருந்து மாகாணத்துக்கு வருகிறது. ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுகிறது. உங்கள் தடத்தில் 7 வாரமாக ஒரு கிலோமீட்டரும் ஓடவில்லை. பணம் நின்றதா, போய்க்கொண்டிருக்கிறதா? நின்றிருந்தால், பஸ் வரவில்லை என்பது துறைக்கு முன்பே தெரியும். போய்க்கொண்டிருந்தால், ஓடாத பஸ்ஸுக்கு மக்கள் பணம் போகிறது. எந்தப் பதில் வந்தாலும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று இனி சொல்ல முடியாது. இந்த ஒப்பந்தங்களில் பல 1997-இல் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியவை. புதிதாக டெண்டர் விடாமல் அவற்றை ஆண்டுக்கணக்கில் நீட்டித்தே காலம் ஓட்டியிருக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு ‘இடைக்காலம்’ நீள்வதை எந்த அலுவலகமும் வெட்கமாக நினைக்கவில்லை என்பதுதான் என் மனத்தை அரிக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். உங்கள் ஊருக்கு வந்தது மானிய பஸ்ஸாக இல்லாமல், உரிமம் மட்டும் வாங்கிச் சொந்த லாபத்துக்கு ஓட்டிய ஒருவரின் பஸ்ஸாகவும் இருக்கலாம். அப்படியானால் நிறுத்தியது அரசு அல்ல, ஓட்டியவர்தான். பஸ்ஸின் நிறத்தையோ பெயர்ப்பலகையையோ பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் ஒரு தடத்தில் மானியத்தோடும் அடுத்த தடத்தில் மானியமில்லாமலும் ஓட்டலாம். ஓட்டுநருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் விண்ணப்பத்தில் ‘ஒப்பந்தம் அல்லது இயக்க உரிமம்’ என்று இரண்டையும் எழுதச் சொன்னேன். ஒப்பந்தம் மட்டும் கேட்டால், ‘அப்படி ஒப்பந்தம் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உங்களுக்கு 30 நாள் போய்விடும். உரிமம் மட்டும் என்று பதில் வந்தால் உங்கள் பேச்சு, இயக்க உரிமங்களைக் கவனிக்கும் மாகாண ஒழுங்குமுறை அமைப்போடு இருக்கவேண்டும். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டாமல் இருப்பவரின் உரிமத்தை ரத்து செய்ய அதற்கு அதிகாரம் உண்டு. இந்தத் தடம் காலியாக இருக்கிறது, உரிமம் பயன்படவில்லை, நடவடிக்கை எடுங்கள் என்று எழுதுங்கள்.

சாலையையோ பாலத்தையோ காரணம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் காரணம் எல்லா மேசையிலும் தயாராக இருக்கிறது. பாலம் மெய்யாகவே பழுதென்றால் ஆய்வறிக்கை இருக்கும், அதையும் கேளுங்கள். சாலையோரப் பலகையில் ‘பி’ அல்லது ‘டி’ எழுத்தோடு எண் இருந்தால் அது மாகாணத்தின் சாலை. சீர்செய்ய வேண்டியவரும் அதே துறைதான்.

இப்போது அவசரமான ஒன்று. 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, ‘பஜா’ என்பார்கள், உங்களைப் பாதித்த அரசு முடிவுக்கு எழுத்துமூலக் காரணம் கேட்கலாம். ஆனால் அந்த முடிவு உங்களுக்குத் தெரியவந்த 90 நாளுக்குள் கேட்கவேண்டும். 7 வாரம் என்கிறீர்கள். 49 நாள் போய்விட்டது. பஸ் நின்ற நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. நீங்கள் கேட்டபின் அவர்களுக்கு 90 நாள் உண்டு. அதற்குள் தக்க காரணம் தராவிட்டால், மாறாக நிரூபிக்கும்வரை, நல்ல காரணமில்லாமல் எடுத்த முடிவு என்றே நீதிமன்றம் கருதும். ‘பயா’ விண்ணப்பத்தின் பதிலுக்காகக் காத்திருக்காமல் இந்தக் கடிதத்தையும் அதே நாளில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்.

ரேங்கில் நிற்பவரிடம் வருகிறேன். 20 ஆண்டுகளாக இவரைப் போன்றவர்களைப் பார்க்கிறேன். ஊர் மாறும், சட்டை மாறும், பேச்சு மாறாது. அவர் விற்பது படிவம் 2-தான். அந்தத் தாள் இலவசம்; அதோடு கட்டுவது நான் சொன்ன 100 ராண்ட் கட்டணம். படிவத்தைத் தவறாக நிரப்பியிருந்தாலும் தூக்கிப்போட முடியாது. சரியாக எழுத உதவுவது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் வாயால் சொன்னால் போதும். அலுவலர் அதை எழுதி, நகல் ஒன்றைக் கையில் கொடுக்கவேண்டும். நம் பாட்டிமார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததால்தான் அவர் அங்கே நிற்கிறார். ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று அவர் சொன்னால், அது உண்மையாக இருந்தால் லஞ்சம், பொய்யாக இருந்தால் மோசடி. இரண்டிலும் உங்கள் பெயர் மாட்டிக்கொள்ளும்.

பெர்மிட் பேச்சு இன்னும் ஆபத்து. அவர் பெர்மிட் என்று சொல்வது இயக்க உரிமத்தைத்தான்; அது கடையில் வாங்கும் பொருள் அல்ல. அது குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட வண்டிக்கு, குறிப்பிட்ட தடத்துக்குக் கொடுக்கப்படுவது. இன்னொருவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ சட்டம் தடை செய்கிறது. வேறொருவர் பெயரிலுள்ள தாளை வைத்துக்கொண்டு உங்கள் தம்பி ஓட்டினால், முதல் சோதனையிலேயே வேனைப் பிடித்துக் கொண்டுபோவார்கள். டாக்சி சங்கங்களோடு தடத் தகராறு வந்தால் அதைவிட மோசம். அதை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. தம்பிக்கு ஓட்ட விருப்பமிருந்தால் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் கையெழுத்து திரட்டுவதையும் பெரிதாக நம்பாதீர்கள். முந்நூறு பெயர் சேரும்; எந்த அலுவலகத்துக்கும் அதற்குப் பதில் எழுதக் கெடு கிடையாது. ஒரே பெயரோடு போகும் படிவத்துக்குக் கெடு உண்டு.

எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்குங்கள். ஒருமுறை மூன்று ஊர்களுக்காக நான் எழுதிய விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் முத்திரையை ஓங்கி அழுத்தினார். மை வற்றியிருந்தது. மாதமும் ஆண்டும் விழுந்தன. நாள் இருந்த இடத்தில் வெறும் ஊதாக் கறை. அவசரத்தில் அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு கெடு எந்த நாளில் தொடங்கியது என்ற சண்டையிலேயே நான்கு மாதம் போயிற்று. அந்த மூன்று ஊர்ப் பிள்ளைகளும் அதுவரை நடந்தே போனார்கள். நாள் தெளிவாக விழும்வரை மேசையை விட்டு நகராதீர்கள். இரண்டாம் முறை அழுத்தச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் சரி.

30 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது படிவம் 4-இல் 60 நாளுக்குள் மேல்முறையீடு. அதுவும் பயன்படவில்லை என்றால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார். அதற்குக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரம் உண்டு. அலட்சியத்தைப் பற்றி, அரசு அலுவலகங்களின் முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலரிடமும் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்யவேண்டும், செலவில்லை.

அந்தப் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள் என்றால் அவர்கள் பெற்றோர் பள்ளி முதல்வர் வழியாகத் தனியாக எழுதட்டும். கல்வி உரிமையில் பள்ளிக்குப் போய்வரும் வசதியும் அடங்கும் என்று 2015-இல் கிரகாம்ஸ்டவுன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நகராட்சியையும் விட்டுவிடாதீர்கள். அவர்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு வரவுசெலவும் வளர்ச்சித் திட்டமும் மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைக்கப்படும், அதன்பின் மக்கள் கருத்து கேட்பார்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, ஆங்கிலத்தில் திரைப்படம்போல் ஓட்டிக் காட்டுவார்கள். உங்கள் ஊர் அதில் இருக்காது. போக்குவரத்துத் திட்டத்தில் உங்கள் தடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அங்கேயே கேட்டு, அதையே எழுதியும் கொடுங்கள். திட்டத்தில் இல்லாத தடத்துக்குப் பணம் ஒதுக்க எவரும் முன்வருவதில்லை.

‘பயா’ விண்ணப்பம், ‘பஜா’ கடிதம் இரண்டோடும் அம்மாவின் மருத்துவமனை அட்டையின் நகலை இணையுங்கள். இந்த 7 வாரத்தில் அவர் தவறவிட்ட நாள்களையும், வேறு வண்டி பிடித்துப் போன நாள்களில் கொடுத்த தொகையையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி அதன் பின்னால் வையுங்கள். திங்கட்கிழமையே போங்கள், காரணம் கேட்க உங்களிடம் இருப்பது 41 நாள்.